ராஜா வாசித்த அளவு

நம் வயதுப் பெண்கள் நாலு பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். பலகாரத் தட்டு வந்து சேருவதற்குள் ஒருத்தியின் சங்கிலி இன்னொருத்தியின் உள்ளங்கைக்கு வந்துவிடும். அவள் அதை இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு "ஒன்பது பவுன்" என்பாள். பக்கத்தில் இருப்பவள் வாங்கிப் பார்த்து "எட்டரைக்கு மேலை ஒரு குண்டுமணியும் இராது" என்பாள். போன மாதமும் அதுதான் நடந்தது. சங்கிலி என் பக்கம் வந்தபோது நான் கையை நீட்டவில்லை. உங்களில் ஒருத்தி, "ஏனடி, எங்கட நகை உன்ர கைக்குக் காணாதோ?" என்று குத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நகையை நிறுத்துப் பார்க்கிற விஷயத்தில் எனக்குப் பதினொரு வயதிலேயே பயம் பிடித்துவிட்டது. அந்தப் பயத்தைத் தந்தவர் நம் ஆட்கள் யாரும் இல்லை. ஆர்க்கிமிடீஸ் என்ற பழைய கிரேக்கத்துக் கணக்குக்காரர். அப்பா போய் ஆறு வருசம், அம்மா போய் இரண்டு வருசம் ஆகிறது. இனி இதைச் சொல்வதால் யாருக்கும் மனம் நோகாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நீங்கள் எல்லோரும் சூரிச்சிலும் பேர்ணிலும் ஜெர்மன் பாஷையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அகதிகளைப் பிரித்த அதிகாரிகள் எங்களை மட்டும் நொஷாட்டலுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரெஞ்சு பேசுகிற ஏரிக்கரைப் பட்டினம். அந்த வருசம் இலையுதிர் காலத்தில் ஏரிக்கு மேல் மூடுபனி வந்து குந்தியது, குந்தியதுதான். வாரக்கணக்காகச் சூரியனைக் காணவில்லை. மலைக்கு மேலே ஏறினால் வெயில் எறிக்கிறது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வார்கள். மேலே ஏற எங்களுக்கு என்ன வேலை இருந்தது. காற்று ஒரு பக்கம் திரும்பினால் சாக்லேட் தொழிற்சாலையின் வாசனை தெரு முழுக்கப் பரவும். பசியோடு அந்த வாசனைக்குள்ளால் வீட்டுக்கு நடப்பது பெரிய கொடுமை. வீட்டுக்குள் வந்தால் அம்மா வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸில் வறை செய்துகொண்டிருப்பார்.

அப்பா ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர். டொக்டர் எழுதிக் கொடுக்கும் துண்டைப் பார்த்து மருந்து கலக்கிப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கிற வேலை. நொஷாட்டலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் செதில் சுரண்டி, சட்டி கழுவினார். உத்தியோகம் போனாலும் பழக்கம் போகவில்லை. எனக்கு இருமல் மருந்து தருவதென்றால், குப்பியை மேசையில் வைத்து, முழங்காலை மடித்து, கண்ணை மருந்தின் மட்டத்துக்கு இறக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மேலே நின்று பார்த்தால் அளவு பிழைக்குமாம். தேநீருக்குப் பால் ஊற்றும்போதும் அப்படியே குனிவார். "தேத்தண்ணிக்கும் டொக்டர் துண்டு தந்தவரோ?" என்று அம்மா கேட்பார்.

ஊரில் ஆமியின் சுற்றிவளைப்புகள் தொடங்கியதும் அப்பாதான் முதலில் வெளிக்கிட்டார். ஒன்றரை வருசம் கழித்து அம்மாவும் நானும் வந்தோம். அப்பாவின் பயணத்துக்குக் காசு கொடுத்தவர் அம்மாவின் தம்பி, கொழும்பில் ஒரு கடையில் நின்ற மாமா. அப்படித்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா அவருக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் நன்றி எழுதுவார். மாமா அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் கொழும்பில் மழை எப்படி என்று எழுதுவார். நல்ல அடக்கமான மனிதர் என்று அப்பா மெச்சுவார்.

எங்கள் வகுப்பு ஆசிரியையை நாங்கள் 'மதாம்' என்று கூப்பிடுவோம். கண்ணாடியை ஒரு நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அதைத் தேடுவார். அந்தத் தவணை முழுக்க அவருக்கு ஆர்க்கிமிடீஸ் பைத்தியம். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை பெற்றோரை அழைத்து, பிள்ளைகளே ஆர்க்கிமிடீசின் வாழ்க்கையையும் அவர் கண்டுபிடித்தவற்றையும் செய்து காட்ட வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

கதை சொல்வதில் மதாமை அடிக்க ஆள் இல்லை. ஒரு தீவில், சிரகூஸ் என்ற பட்டினத்தில் அவர் பிறந்தது, தகப்பன் நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டது, அந்த ஊர் ராஜாவுக்கு இவர் வேண்டப்பட்டவராக இருந்தது, யோசனை வந்தால் சாப்பாட்டை மறப்பது, உடம்புக்கு எண்ணெய் பூசினால் அந்த எண்ணெயிலேயே விரலால் வட்டம் கீறுவது எல்லாம் சொன்னார். தூர தேசத்து நண்பர்களுக்குத் தன் கணக்குகளை அனுப்பும்போது, வேண்டுமென்றே இரண்டு பிழையான கணக்கையும் சேர்த்து அனுப்பினாராம். தாங்களும் இதையெல்லாம் முன்பே கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமை அடிக்கிறவர்களை மாட்டி வைக்க. இதை அப்பாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "ஆள் எங்களை மாதிரித் தீவான். அதுதான் இந்தக் குசும்பு," என்றார்.

கடைசியில் ரோமர்கள் பட்டினத்தைப் பிடித்தபோது, மண்ணில் வட்டம் கீறிக்கொண்டிருந்த அந்தக் கிழவரை ஒரு சிப்பாய் வெட்டிப்போட்டான் என்று மதாம் சொன்னார். வகுப்பு முழுக்க "ஏன், ஏன்" என்று கேட்டது. கணக்குப் போடுகிற மனிதரை ஏன் கொல்ல வேண்டும் என்று ஒரு பிள்ளை அழவே தொடங்கிவிட்டாள். எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. சிப்பாய் வந்தான் என்றதுமே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

கண்டுபிடிப்புகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தோம். ஒரு கூட்டத்துக்குத் தண்ணீரை மேலே ஏற்றுகிற திருகு. தரை கூட்டுகிற தும்புத்தடியில் தோட்டத்துக் குழாயைச் சுற்றிச் செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு எதிரியின் கப்பலைத் தூக்கிக் கவிழ்க்கிற இரும்புக் கை. இன்னொன்றுக்குக் கப்பலை எரிக்கிற கண்ணாடிகள். அதற்குச் சாக்லேட் சுற்றுகிற வெள்ளித் தாளை அட்டையில் ஒட்டினார்கள். சூரியன்தான் இல்லை. எனக்கு விழுந்தது ராஜாவின் பொன் முடி.

அந்தக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ராஜா ஒரு பத்தரிடம் பொன்னைக் கொடுத்து முடி செய்விக்கிறார். பத்தர் கலப்படம் செய்தாரோ என்று சந்தேகம். முடியை உடைக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் குளிக்கும் தொட்டியில் இறங்கும்போது தண்ணீர் உயர்கிறது. ஒரே நிறையில் பொன் சின்னதாக இருக்கும், மலிவான உலோகம் பெரிதாக இருக்கும், பெரியது அதிகத் தண்ணீரை உயர்த்தும். இது பிடிபட்டதும் மனிதர் உடுப்பை மறந்து தெருவால் ஓடினார். "உடுப்பில்லாமலோ?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டார். தண்ணீர் கதையை அவர் கவனிக்கவில்லை. அந்த ஓட்டத்திலேயே அவருக்குக் கதை முடிந்துபோனது.

"பத்தருக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று நான் வகுப்பில் கேட்டேன். கதையில் அது இல்லை என்றார் மதாம்.

தன் மோதிரத்தைப் போட்டால் தண்ணீர் உயர்வது கண்ணுக்குத் தெரியாது, பெரிய பொன் நகை யார் வீட்டில் இருக்கிறது என்று மதாம் கேட்டார். ஒருவரும் கை உயர்த்தவில்லை. கடைசி வரிசை வாங்கில் இருந்து நான் உயர்த்தினேன். முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. நான் போட்டிருந்தது தேவாலயத்தில் தந்த கோட்டு, கை இரண்டு அங்குலம் நீளம். ஒரு பொடியன் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது.

அப்பாவுக்கு என்னைவிட வைராக்கியம்.

"கொண்டு போ பிள்ளை. நல்லாக் காட்டு. அம்மாவின்ர கொடி பதினொரு பவுன். என்ர ஐயா செய்விச்சது. நான் பயணம் வெளிக்கிடேக்கை கூட அதிலை கை வைக்கேல்லை. எங்களை ஒண்டுமில்லாததுகள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்," என்றார்.

அம்மா அடுப்படியில் நின்றபடி சொன்னார். "தாலிக்கொடியைக் கழட்டக்கூடாது. கட்டின மனிசன் இருக்கேக்கை கழுத்து வெறுமையாய் இருக்கலாமோ?"

"உதெல்லாம் பழைய கதையப்பா. இது விஞ்ஞானம்."

"உங்கட விஞ்ஞானத்துக்கு என்ர கழுத்துத்தானோ கிடைச்சது?"

இரண்டு நாள் இந்த வழக்கு நடந்தது. மூன்றாம் நாள் அப்பா வேலையால் வரும்போது இறைச்சி கட்டுகிற வெள்ளை நூலில் ஒரு முழம் கொண்டுவந்தார். அதை மஞ்சள் கரைத்த தண்ணீரில் போட்டு, குசினி ஜன்னலில் காயவிட்டார். "தாலியைக் கழட்டி இந்த மஞ்சள் கயித்திலை கோத்துக் கட்டும். தாலி உம்மட கழுத்திலையே இருக்கும். வெறும் கொடிதான் பள்ளிக்கூடம் போகும். இப்ப என்ன சாட்டுச் சொல்லப்போறீர்?" என்றார். அம்மா அந்த நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அங்கை கல்லிலை உரைச்சுப் பாப்பினமோ?"

"இல்லையம்மா. தண்ணிக்குள்ளை போட்டு எடுக்கிறதுதான்."

"வெறும் தண்ணியோ?"

"ஓம்."

அம்மாவின் முகம் தெளிந்தது. "தண்ணியெண்டால் பறவாயில்லை. தண்ணியாலை என்ன வரப்போகுது," என்றார். அம்மா இப்படித் தாமாகவே போய் மாட்டிக்கொண்டார்.

புதன்கிழமைகளில் எங்களுக்குப் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. வீட்டில் பழகிப் பார்க்க மதாம் நீளமான அளவுக் குவளையையும் சின்னத் தராசுப் பெட்டியையும் தந்துவிட்டார். கம்பளிச் சட்டைக்குள் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு கொடியைக் கழற்றித் தந்தார். சூடாக இருந்தது.

நிறுத்தேன். ஐம்பத்தொரு கிராம். குவளையில் ஐம்பது வரை தண்ணீர் ஊற்றிக் கொடியை மெல்ல இறக்கினேன். அப்பாவைப் போல் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஐம்பத்தாறு. மதாம் சொல்லித் தந்த கணக்குப்படி, இந்த நிறைக்கு நகைப் பொன் என்றால் ஐம்பத்து மூன்றுக்கு மேல் போகாது. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன். ஐம்பத்தாறு. மூன்றாம் தரமும் அதுதான். ஐம்பத்தொன்றை ஆறால் பிரித்தால் எட்டரை. எட்டரை எந்த உலோகத்தின் கணக்கு என்று எனக்குத் தெரியும். வகுப்பில் பழைய பூட்டுத் திறப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்துப் பாடமாக்கியிருந்தோம்.

"அம்மா, இது பித்தளையின்ர கணக்கு வருது," என்றேன். குவளைதான் பழுது என்று அவர் சொல்லுவார் என நினைத்தேன்.

லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியை வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து குவளையைப் பார்த்தார். அதற்குள் கொடி சுருண்டு கிடந்தது.

"தண்ணிக்கு உது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன், ஒரே நிறையில் எது பெரிது, எது சின்னது என்று. அம்மா கதிரையில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் நுனியை மடித்து மடித்து விரித்தார். பிறகு, ஒரு பெரிய ஆளோடு கதைப்பதுபோல் என்னோடு கதைத்தார்.

"மாமா காசு குடுக்கேல்லை. அவனிட்டை ஏது காசு? கொடியை வித்துத்தான் அப்பாவை அனுப்பினனான். தாலியை விக்கேல்லை. கொடியைத்தான் வித்தனான். பத்தர் அதே முறுக்கிலை இதைச் செய்து முலாம் பூசித் தந்தவர்."

"அப்பாவுக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டார். கொடியை வித்துப் போறதிலும் பாக்க ஆமியிட்டைப் பிடிபடுறன் எண்டு சொன்ன மனிசன்."

"இப்ப சொன்னால் என்னம்மா? அவர் வந்து சேர்ந்திட்டார்தானே."

அம்மா தலையை ஆட்டினார். "மருந்து கலக்கின கையாலை சட்டி கழுவுறார். அவருக்கு மிச்சமாய் இருக்கிறது ஒரேயொரு நினைப்பு. தன்ர ஐயா தந்ததை விக்காமல் குடும்பத்தைக் கரை சேர்த்திட்டன் எண்டு. அதையும் பிடுங்கினால் அவர் உடைஞ்சுபோவார் பிள்ளை."

வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று படுத்துவிடு என்றார் அம்மா. அது சரிவராது. அப்பா தன் வேலை நேரத்தை இன்னொருவரோடு மாற்றிவிட்டார், கோட்டை ஸ்திரி போட்டு அலுமாரிக் கதவில் தொங்கவிட்டிருந்தார். கடைசியில் அம்மா கேட்டார். "தண்ணி எவ்வளவு உயருதெண்டு ஆர் வாசிக்கிறது?"

"நான்தான்."

"அப்ப மூண்டெண்டு வாசி."

பொய் சொன்னால் வாயில் மிளகாய்த்தூள் வைப்பேன் என்று வெருட்டி வளர்த்த அம்மா அவர். நான் "ஓம்" என்றேன். ஆர்க்கிமிடீசே வேண்டுமென்று பிழைக் கணக்கு எழுதியிருக்கிறாரே, நான் ஒன்று சொன்னால் என்ன என்று எனக்கு நானே நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டேன். ஆனாலும் அந்த இரண்டு இரவும் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா வரவில்லை. முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிற வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அப்பா கோட்டுக்கு மேல் டை, அந்தக் கழுத்துப்பட்டியும் கட்டி, மீன் மணம் போக எலுமிச்சம் பாதியால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து முதல் வரிசையில் இருந்தார். திருகு தண்ணீரைக் கொஞ்சம் மேலேயும் நிறையத் தரையிலும் ஊற்றியது. இரும்புக் கை கப்பலைப் பிடித்தது, விடத்தான் மறுத்தது. வெள்ளித் தாள் கண்ணாடிகள் மேசை விளக்கின் ஒளியைக் கூரையில் அடித்தன. வகுப்பிலேயே மெலிந்த பிள்ளை ஒரு நீளப் பலகையின் நுனியில் ஏறி நின்று மறுமுனையில் மதாமையே தூக்கிவிட்டாள். அப்பா எல்லாவற்றுக்கும் கை தட்டினார்.

என் முறை வந்தது. மதாம் பொன் நிறத் தாளில் வெட்டிய முடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு ஒரு ராஜா வேண்டும் என்றார். மற்றத் தகப்பன்மார் கதிரைக்குள் ஒடுங்கினார்கள். அந்த அறையில் கழுத்துப்பட்டி கட்டியிருந்தவர் என் அப்பா ஒருவர்தான். மதாம் அவரை முன்னுக்கு அழைத்து, மேசைக்குப் பக்கத்தில் இருத்தி, தலையில் முடியை வைத்தார். அப்பா வெட்கத்தோடு சிரித்தார். முதுகை நிமிர்த்தி இருந்தார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

கொடியை நிறுத்தேன். மதாம் கரும்பலகையில் 51 என்று பெரிதாக எழுதினார். அப்பா பலகையைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டதை நான் கண்டேன். சபைக் கூச்சம் என்று நினைத்தேன். ஒரு பவுன் எட்டுக் கிராம் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. என் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனபோது, சூரிச்சில் கடைக்காரர் அதைச் சொல்ல, நான் அங்கேயே கதிரை கேட்டு இருந்தேன். தாலியைக் கழித்தாலும் அந்தக் கொடி எண்பது கிராமுக்குக் குறையக்கூடாது. கிராமில் மருந்து நிறுத்துப் பிழைத்த மனிதருக்கு அதைப் பிரித்துப் பார்க்க ஒரு நிமிசமும் தேவைப்பட்டிருக்காது.

நான் பாடமாக்கியதை ஒப்புவித்தேன். பொன் என்றால் தண்ணீர் ஐம்பத்து மூன்றுக்கு வரும், பித்தளை என்றால் ஐம்பத்தாறுக்கு வரும். கொடியை இறக்கினேன். கெதியாக வாசித்துவிட்டுக் கெதியாக வெளியில் எடுப்பது என் திட்டம். வாயைத் திறந்தபோது மதாம் என் தோளில் கை வைத்தார். "நீ இல்லை. முடி ராஜாவினுடையது. ராஜாவே வாசிக்கட்டும்," என்றார்.

அப்பாவுக்கு அளவு பிழையாக வாசிக்கத் தெரியாது. உலகத்தில் அவருக்குத் தெரியாதது அது ஒன்றுதான். அம்மா தரை துடைத்துக்கொண்டு என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

அப்பா எழும்பினார். காற்சட்டையை முழங்காலில் கொஞ்சம் உயர்த்திவிட்டுக் குனிந்தார். தாள் முடி சரிய, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, மற்றக் கண்ணை மூடினார். தேநீருக்கும் இருமல் மருந்துக்கும் எடுக்கிற நேரத்தைவிட அதிக நேரம் எடுத்தார். குவளைக்கு மறுபக்கம் அவருடைய திறந்த கண் பெரிதாகத் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து, பிரெஞ்சில், ஒவ்வொரு எழுத்தாகத் திருத்தமாகச் சொன்னார்.

"ஐம்பத்து மூன்று."

முன் வரிசையில் இருந்த பொடியன், என் கோட்டைப் பார்த்துச் சிரித்தவன், கழுத்தை நீட்டினான். "மதாம், அது ஐம்பத்தாறு," என்றான்.

மதாம் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றார். அன்றைக்குக் கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. "ராஜா சொல்லிவிட்டார்," என்றபடி கொடியை வெளியில் இழுத்தெடுத்துத் துணியில் வைத்தார். தண்ணீர் ஐம்பதுக்கு இறங்கியது. பலகையில் கணக்கை எழுதினார். பொன் என்று கீழே கோடு போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். மதாம் அன்று எதைக் கண்டார், எதைக் காணாமல் விட்டார் என்று நான் கேட்டதில்லை. அவர் சரியான கண்டிப்புக்காரி, கருணை கிருணை இல்லாதவர் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எனக்கோ தலை சுற்றுகிற சந்தோசம். அப்பாவின் கண் பழுதாகிவிட்டது, வயது போகிறது, பிள்ளையாரே நன்றி என்று நினைத்தேன். பதினொரு வயது மூளை அவ்வளவுதான்.

பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். மூடுபனியில் முன்னால் போகிற ஆளின் முதுகு தெரியவில்லை. அப்பா கொடியைக் கோட்டின் உள் பைக்குள் வைத்து, அதன் மேல் கையை வைத்தபடி நடந்தார். சாக்லேட் வாசனை வந்தது. தரிப்பிடத்தில் நின்றபோது கேட்டார்.

"புதன்கிழமை நீ வீட்டிலை செய்து பாத்தனியோ?"

"ஓம்."

"எவ்வளவு வந்தது?"

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "ஐம்பத்து மூண்டு."

அப்பா என் தலையில் கையை வைத்தார். "கெட்டிக்காரி," என்றார். குரல் கரகரத்திருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

தன்னை அனுப்பியது எது என்பதை அவர் அன்று அந்த மேசைக்கு முன்னால் விளங்கிக்கொண்டார். மாமாவின் மழைக் கடிதங்களும் அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்கும். அதைப் பற்றி அம்மாவிடம் ஒரு சொல் கேட்டதில்லை. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றே அம்மா கடைசி வரைக்கும் நம்பினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூட என்னிடம், "அந்த மனிசன் பாவம், ஒண்டும் தெரியாமலே போயிட்டார்," என்று சொல்லி நிம்மதிப்பட்டார். நான் ஓம் என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன். அப்பா உடைந்துபோவார் என்று நானும் அம்மாவும் சேர்ந்து போட்ட கணக்குத்தான் பிழை. அவர் உடைகிற ஆள் இல்லை.

அன்றைக்கு வீட்டுக் கதவை அம்மாதான் திறந்தார். வேலைக்குப் போன சட்டையைக் கூட மாற்றவில்லை. அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"என்ன வந்ததாம்?" என்று பிறகுதான் அப்பாவிடம் கேட்டார்.

"என்ன வரும்? பொன்தான்," என்றார் அப்பா.

"அதை அறியிறதுக்குப் பள்ளிக்கூடம் போகவேணுமோ?" அம்மா அசராமல் சொன்னார்.

அப்பா சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை. அம்மாவைக் குசினி விளக்குக்குக் கீழே நிற்கச் சொன்னார். மஞ்சள் கயிற்றை அவிழ்த்துத் தாலியைக் கழற்றி, கொடியில் தானே கோத்தார். இரண்டு தரம் தவறியது. கோத்து முடிந்ததும் அதை அம்மாவின் கழுத்தில் போட்டு, பின்னால் நின்று கொக்கியைப் பூட்டினார். பூட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"இனி இதை ஒருத்தருக்கும் கழட்டிக் குடுக்காதையும்," என்றார். "நான் கேட்டாலும் குடுக்காதையும்."